நகராத புள்ளி

ஆர்டித் ஸ்கோகனைக் காப்பாற்றப் போன ஹெலிகாப்டர், அவள் ஏரியில் அம்மணமாகக் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளைக் கண்டுபிடித்தது. அறுபத்தெட்டு வயதுப் பெண்ணொருத்தி, சுற்றுவட்டாரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை என்ற தைரியத்தில், பனி உருகி வந்த தண்ணீரில் இறங்கி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தால் அதில் காப்பாற்ற என்ன இருக்கிறது? மேலேயிருந்து ஒலிபெருக்கியில், "மேடம், நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். ஆர்டித் என்ன பதில் சொன்னாள் என்பது அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இங்கே அதை எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் பீனட் பட்டர். மலை நடைக்காரர்களுக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று எடை. டூத் பிரஷ்ஷின் பிடியை அறுத்து எறிவார்கள், சட்டையின் லேபிளைக் கத்தரித்துவிட்டுத்தான் பையில் வைப்பார்கள். இன்னொன்று கரடி. வாசனை உள்ள எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கரடியால் திறக்க முடியாத டப்பாவில் போட்டு மூடி, எங்கேயோ தள்ளிவைத்துவிட்டு வந்துதான் படுப்பார்கள். ஆர்டித்துக்கு இரண்டு பைத்தியமும் முற்றிப்போயிருந்தது. பிளாஸ்டிக் டப்பா கனம் என்று கார்பன் இழையில் செய்த லேசான டப்பாவாகத் தேடி வாங்கியிருந்தாள்.

போன வருடம் அவள் மகள் ஜனெல் ஒரு ஆரஞ்சு நிறக் கருவியைக் கொடுத்தனுப்பினாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, 'இதோ இங்கே இருக்கிறாள்' என்று செயற்கைக்கோளிடம் போட்டுக்கொடுக்கும். அது வீட்டில் ஜனெலின் கணினி வரைபடத்தில் ஒரு புள்ளியாக வந்து விழும். அந்தக் கருவியின்மேல் பீனட் பட்டர் பொட்டலம் உடைந்து கொட்டிவிட்டது. எவ்வளவு துடைத்தும் வாசனை போகவில்லை. ஆகவே முறைப்படி அதையும் கரடி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மறுநாள் மீன் நன்றாகக் கடித்ததால் ஏரிக்கரையைவிட்டு நகரவில்லை. கருவியின் ஞாபகமும் வரவில்லை. கார்பன் இழையைத் தாண்டி எந்தச் சமிக்ஞையும் வெளியே போகாது என்பது அவளுக்கு அப்போது தெரியாது. ஜனெலின் திரையில் புள்ளி நின்றுபோனது. ஜனெல் ஒரு ராத்திரி பொறுத்தாள், ஒரு பகல் பொறுத்தாள், பிறகு மாவட்டப் போலீஸ் அதிகாரியான ஷெரீபுக்குப் போன் போட்டாள். கரடி வரவில்லை. ஹெலிகாப்டர் வந்தது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அந்த மாதிரிச் சின்ன ஊரில் இப்படி ஒரு கதை கிடைத்தால் குளிர்காலம் முழுவதும் வாய்க்கு அவல்தான். மளிகைக் கடைக்குப் போனால், "இன்னிக்குத் துணி போட்டுட்டு வந்திருக்கீங்களே" என்பார்கள். அவள் இருபத்தைந்து வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் காது திருகப்படாத குறையாகத் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். பழைய கடனைத் தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவர்களுக்கு எப்போது கிடைக்கும்?

சிரித்துவிட்டுப் போகட்டும். ஆர்டித்துக்கு அதில் வருத்தமில்லை. கணவன் இறந்த பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் மலைக்குத் தனியாகப் போய் வருகிறாள். வருடம் முழுக்க மற்றவர்களுக்கு யாரோவாக இருந்துவிட்டு, அந்தச் சில நாட்கள் மட்டும் யாருக்கும் யாராகவும் இல்லாமல் நடக்கிறாள். அதில் மகள் மூக்கை நுழைத்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. இந்த ஆகஸ்டில் மலைத்தொடரை வடக்கிலிருந்து தெற்காக முழுக்க நடந்து முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். தனியாக. புள்ளி இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை, மலையேற்றச் சாமான் விற்கும் எச்சவேரியின் கடைக்குக் கருவி வாங்கப் போனாள். ஜனெல் பக்கத்து ஊரிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து, அம்மாவுக்கு முன்னாலேயே கடை வாசலில் நின்றாள். நாற்பத்திரண்டு வயது, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலை, எதையும் முன்கூட்டித் திட்டமிடுகிற சுபாவம். அம்மாவின் தாடையும் அம்மாவின் பிடிவாதமும் அப்படியே அவளுக்கு வந்திருந்தன.

"வாங்க மிஸ்" என்றான் எச்சவேரி. ஐம்பதை நெருங்கியவன். பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து சூயிங்கம் ஒட்டியவன், இன்னமும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவான். "என்ன பாக்கறீங்க? நீச்சல் உடையா?"

"டேய், கடையைக் கொளுத்திடுவேன். இந்தச் செயற்கைக்கோள் சாமான்லாம் எடுத்து வெளியே வை."

நான்கை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பரப்பினான். "இது ஆரஞ்சு, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சேதி அனுப்பும், சேதி வாங்கும், ஆனா டைப் பண்ண போன் வேணும். குளிர்ல போன் செத்துச்சுன்னா இதுவும் பாதி செத்த மாதிரிதான். இந்தப் பெரிசு இருக்கே, இது தன்னந்தனியா நிக்கும். வரைபடம் உள்ளேயே இருக்கு, பொத்தானெல்லாம் கையுறை போட்டுக்கிட்டே அமுக்கலாம். என்ன, கொஞ்சம் கனம். மூணாவது, புது போன்லயே வானத்தைப் பாத்து சேதி விடற வசதி வந்திருச்சு, அதையே நம்பிப் போறவங்களும் இருக்காங்க. நாலாவது இந்தப் பொத்தான். அமுக்கினா, நான் இங்க இருக்கேன், காப்பாத்துங்கன்னு போகும். அவ்ளோதான். வேற ஒண்ணும் தெரியாது இதுக்கு."

"புள்ளி போடுமா?"

"போடாது."

"குடு."

"அம்மா!" ஜனெல் குறுக்கே வந்தாள். "எச்சவேரி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை புள்ளி போடறதா எது இருக்கோ அதைக் காட்டு."

"ஏன்டி, கழுத்துல மணி கட்டி விட்டுடேன். சத்தம் கேக்கற தூரத்துலயே மேஞ்சுட்டு வந்துடறேன்."

"மிஸ், இந்தப் பொத்தான்ல ஒரு கஷ்டம் இருக்கு" என்றான் எச்சவேரி, சண்டையைத் திசைதிருப்ப. "நீங்க சொல்றதுதான் போகும், பதில் வராது. அது போய்ச் சேந்துச்சா இல்லியான்னுகூட உங்களுக்குத் தெரியாது."

"இருபத்தஞ்சு வருஷம் உங்களை வெச்சுப் பஸ் ஓட்டினேன். நான் சொல்லி எவன்டா பதில் சொன்னீங்க? பழகிப்போச்சு. இதையே கட்டு."

ஜனெல் பொத்தானின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். "நீ இதை எடுத்துட்டுப் போ. நான் தடுக்கல. ஆனா முதல் நாள் சாயங்காலமே ஷெரீபுக்குப் போன் பண்ணுவேன். எங்கம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுது, வழி தெரியாம எங்கேயோ போயிட்டாங்கன்னு சொல்லுவேன். நீ எந்தப் பாறைக்கு அடியில ஒளிஞ்சாலும் தேடி வருவாங்க."

பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கயிறு கட்டுவதை நிறுத்தினார்கள். ஆர்டித்துக்குக் காது மடல்வரை சூடேறியது. சொன்னால் செய்வாள், அவள் வயிற்றில் பிறந்தவள்தானே. மகள் ஒரு போன் செய்தால் போதும், மலையும் போச்சு, அதோடு 'ஞாபகம் தடுமாறுகிறவள்' என்ற முத்திரையும் விழுந்துவிடும். அந்த முத்திரை விழுந்தவளை நாளைக்குக் கார் ஓட்ட விடமாட்டார்கள், நாளன்றைக்குத் தனி வீட்டில் இருக்க விடமாட்டார்கள்.

"தடுமாறுதா எனக்கு?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவள் பேருந்தில் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அவள் கத்தும்போது பயப்பட வேண்டியதில்லை. "அந்த ஆரஞ்சு சனியன் உன் கைப்பையிலதான கெடக்கு?"

"இருக்கு. ஏன்?"

"நாளையிலேருந்து ஒரு வாரம் நீ அதை மாட்டிக்கோ. காலையில கண் முழிச்சதுலேருந்து படுக்கற வரைக்கும். நான் உக்காந்து உன் புள்ளியைப் பாக்கறேன். ஒரு வாரம் தாக்குப்பிடிச்சேன்னா நீ சொல்ற கருவியை நான் மாட்டிட்டுப் போறேன், ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை என்ன, மூச்சுக்கு ஒருதடவை போட்டுக்கோ. நடுவுல கழட்டினேன்னா போன் பண்ற பேச்சே எடுக்கக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? நான் என்ன காட்டுக்கா போறேன்? ஆபீஸ் போறேன், வீட்டுக்கு வரேன்."

"அப்புறமென்ன பயம்?"

ஜனெலின் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. கோபம் என்று ஆர்டித் நினைத்துக்கொண்டாள். பூட்ஸ்காரர்கள் இரண்டு பேரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எச்சவேரி இல்லாத தூசியை மேசையிலிருந்து தட்டினான்.

"சரி" என்றாள் ஜனெல். "உனக்குக் கம்ப்யூட்டர்ல அந்தப் புள்ளி வர்ற பக்கத்தைத் திறக்கவே தெரியாது."

"கத்துக்கறேன். நான் ஞாபகம் தடுமாறினவதான், முட்டாள் இல்ல."

பொத்தானை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்து உட்கார்ந்தபோது ஆர்டித் நல்ல குஷியில் இருந்தாள். புள்ளி வீட்டிலிருந்து கிளம்பியது. சாலையில் வந்தது. அலுவலகம் இருக்கும் தெருவைத் தாண்டியது. நிற்காமல் ஊரையும் தாண்டி, ஏரிக்கரையில் படகு இறக்கும் துறைக்குப் போய் நின்றது. ஏதாவது வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருப்பாள் என்று ஆர்டித் காபி போட எழுந்தாள். திரும்பி வந்தபோதும் அங்கேயே. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தபோதும் அங்கேயே. மத்தியானம், அங்கேயே. அலுவலகம் விடும் நேரத்துக்குச் சரியாகப் புள்ளி கிளம்பி, வந்த வழியே வீட்டுக்குப் போனது.

செவ்வாயும் அப்படியே. யாரையாவது சந்திக்கிறாளா என்று ஆர்டித்தின் புத்தி முதலில் அங்கேதான் போயிற்று. அப்படியானால் துறைக்கா போவார்கள்? அங்கே ஒரு கழிப்பறையும் குப்பைத் தொட்டியும்தான் உண்டு. காற்று காதைக் கிழிக்கும். நாளெல்லாம் ஒரே இடத்தில், காருக்குள், தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் வேடுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் நேரம் பார்த்து வீடு திரும்ப வேண்டியதில்லையே. வேலை போயிருக்க வேண்டும். போய் எத்தனை நாளாயிற்றோ.

ஆர்டித் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். துறைக்குப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டி, "இங்க என்னடி பண்றே?" என்று கேட்டிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். பந்தயமும் முடிந்திருக்கும். அந்த இடத்திலேயே கருவியைக் கழற்றி எறிந்திருப்பாள் ஜனெல். இனி ஷெரீபும் இல்லை, புள்ளியும் இல்லை, மலை ஆர்டித்துக்குத்தான். கதவுவரை போய்விட்டாள்.

அப்புறம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. யாரோ ஒருத்தி யாரும் பார்க்கவில்லை என்று ஓரிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள், உடனே வண்டியை எடுத்துக்கொண்டு அவள் தலைக்கு மேலே போய் நிற்பதா? ஒரு வருடமாக ஊரெல்லாம் கேட்கும்படி எதைச் சொல்லித் திட்டினாளோ அதையே இப்போது தான் செய்யப் போவதா? மாட்டேன் என்று சாவியை ஆணியில் திரும்ப மாட்டினாள். கணினியையும் அணைத்தாள். ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். 'ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?' என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்.

போன ஆகஸ்டில் ஜனெலும் இப்படித்தான் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நகராத புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்காக ஹெலிகாப்டரை மன்னிக்க அவள் தயாராக இல்லை. ஆனால் புள்ளி என்பது பார்க்கிறவளையும் சேர்த்துத்தான் கொல்கிறது. எங்கே இருக்கிறாள் என்று சொல்லும், எப்படி இருக்கிறாள் என்று சொல்லாது.

புதன்கிழமை எச்சவேரி கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

"இந்தப் பொத்தானை வெச்சுக்கோ. அந்தப் பெரிசை எடு."

"மிஸ், அது கனம். நீங்க டூத் பிரஷ்ஷையே அறுத்தவங்க."

"தெரியும். எடுடா."

"புள்ளி போடற வசதியும் அதுல இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். இது பதில் வாங்கும்ல? நான் எழுதினா அவளுக்குப் போகும், அவ எழுதினா எனக்கு வரும். அதான?"

"அதேதான்."

"போனைத் தொட வேண்டாம்ல?"

"வேண்டாம். ஆனா டைப் பண்றது கொஞ்சம் பொறுமை வேணும், ஒவ்வொரு எழுத்தா நகத்தி நகத்தி."

"பொறுமை எனக்கு நெறைய இருக்கு" என்று கத்தினாள் ஆர்டித். எச்சவேரி மறுபேச்சில்லாமல் கட்டிக்கொடுத்தான்.

வீட்டுப் பின்கட்டில், தலைக்கு மேலே வானம் திறந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். நாலு தடவை தப்பாகி, அழித்து, கெட்ட வார்த்தை சொல்லி, கடைசியில் ஒன்று தேறியது. 'புதுக் கருவி வாங்கிட்டேன். வேலை செய்யுதான்னு பாக்கறேன். உனக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லு. வேண்டாம்னா வேண்டாம்.' அனுப்பினாள். கருவி வானத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு போய்விட்டது என்று காட்டியது.

பதில் வரவில்லை. அண்டை வீட்டு நாய் வந்து காலை முகர்ந்துவிட்டுப் போனது. நிழல் கொடிக்கயிற்றைத் தாண்டி வேலிவரை போய்விட்டது. உள்ளே போய்ச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. அவள் எழுதியதையே எடுத்துப் படித்துப் பார்த்தாள். 'வேண்டாம்னா வேண்டாம்' என்பது கொஞ்சம் வெடுக்கென்று இருந்ததோ என்று கவலைப்பட்டாள். அவள் வாழ்நாளில் அப்படிக் கவலைப்பட்டது குறைவு.

கருவி கிணுகிணுத்தது.

'வேலை போயிடுச்சும்மா. மூணு வாரமாச்சு. வேடுகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.'

ஆர்டித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆறுதலாக எழுத அவளுக்கு வராது. வந்திருந்தாலும் அந்தப் பொத்தான்களில் ஆறுதலை நகர்த்தி முடிக்கப் பொழுது விடிந்துவிடும். யோசித்து யோசித்து எழுதினாள்: 'அந்தத் துறையில மீன் நல்லா கடிக்கும். தூண்டில் வேணுமா?'

இந்தத் தடவை பதில் சீக்கிரமே வந்தது. 'வேணும். நீ வராத. குடுத்தனுப்பு.'

எச்சவேரியிடமே கொடுத்தனுப்பினாள். எதற்கு என்று அவன் கேட்க வாயைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வடக்குப் பாதை தொடங்குமிடத்துக்கு ஜனெல்தான் அம்மாவைக் காரில் கொண்டுவந்து விட்டாள். வழியில் ஜனெல் விஷயத்தைச் சொன்னாள். வேடிடம் சனிக்கிழமை சொல்லிவிட்டாளாம். வேலை போனதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லையாம், மூன்று வாரம் மறைத்ததற்குத்தான் குதித்தானாம். "குதிக்கட்டும், நல்லதுதான்" என்றாள் ஆர்டித்.

காரை நிறுத்தியதும் ஜனெல் பையிலிருந்து ஆரஞ்சுக் கருவியை எடுத்துக் காட்டினாள். "ஒரு வாரம். ஒரு நிமிஷம்கூடக் கழட்டல. வேடு குதிச்சப்பகூட இடுப்புலதான் இருந்துச்சு."

"தெரியும். ஆனா நான் செவ்வாய்க்கிழமையோட பாக்கறதை நிறுத்திட்டேன்."

ஜனெல் திரும்பினாள். "பாத்துட்டு ஏன் ஓடி வரல? நீ வருவேன்னு நெனச்சேன். திங்கட்கிழமை முழுக்கக் கண்ணாடியிலயே பாத்துட்டிருந்தேன், உன் வண்டி வருதான்னு. வந்தா அடிச்சுத் துரத்தணும்னு இருந்துச்சு. வரலன்னதும் அழுகையா வந்துச்சு."

"நீ வழி தப்பிப் போகலடி. உக்காந்திருந்த. உக்காந்திருக்கறவளுக்கு என்ன தேடுதல் வேண்டிக்கெடக்கு?"

சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச்சை வளர்க்காமல் பையை இறக்கினாள். பந்தயம் பந்தயம்தான். தோற்றவள் வாயை மூடிக்கொண்டு கட்டுப்படுவதுதான் மரியாதை. பெரிய கருவியை எடுத்து மகளிடம் நீட்டினாள். "ஜெயிச்சுட்ட. ரெண்டு நிமிஷமோ ஒரு நிமிஷமோ, எப்படி வேணுமோ வெச்சுக் குடு. முறைச்சுட்டேதான் மாட்டிப்பேன். அதைத் தடுக்க உன்னால முடியாது."

ஜனெல் கருவியை வாங்கினாள். பொத்தான்களை அமுக்கிக்கொண்டே வெகுநேரம் தலை குனிந்திருந்தாள். திருப்பிக் கொடுத்தபோது திரையில் புள்ளி போடும் வசதி அணைந்திருந்தது.

ஆர்டித் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தாள். "தப்பா அமுக்கிட்ட."

"தப்பா அமுக்கல. அணைச்சேன். ஆனா தெனமும் சாயங்காலம் ஒரு சேதி வரணும். ரெண்டு நாள் வரலன்னா போன் பண்ணுவேன்."

"நாலு நாள்."

"ரெண்டரை."

"மேல மழை பிடிச்சா கூடாரத்தைவிட்டுக் கையை நீட்ட முடியாது. கருவி நனையும், வானம் மூடியிருக்கும். நாலு."

"மூணும்மா. அதுக்கு மேல என்னால முடியாது. நெஜமாவே முடியாது."

அதைச் சொல்லும்போது ஜனெலின் தாடை நடுங்கியது. ஆர்டித்தால் வேறெதையும் எதிர்த்து நின்றிருக்க முடியும்.

"மூணு" என்றாள். பையைத் தோளில் ஏற்றினாள், மகளின் தலையை ஒருமுறை அழுத்திக் கலைத்துவிட்டாள், ஏறத் தொடங்கினாள். பை போன வருடத்தைவிடக் கனமாக இருந்தது. அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் மரங்கள் முடிந்து பாறைகள் தொடங்கும் ஒரு மேட்டில் கூடாரம் அடித்தாள். எதிரே ஒரு பனிச்சரிவு மங்கிய வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. கீழே ஓடையின் சத்தம், அதைவிட்டால் காற்று. மனித வாடையே இல்லை. பாறையில் சாய்ந்துகொண்டு கருவியைத் தொடைமேல் வைத்து எழுத்துகளை நகர்த்தினாள்.

'நல்லாயிருக்கேன். சாப்பிட்டேன். எங்க இருக்கேன்னு சொல்ல மாட்டேன்.'

அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். சூப் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோது பதில் வந்திருந்தது.

'நான் கேட்டேனா?'

ஆர்டித் மலையே அதிரச் சிரித்தாள்.